மரம் எப்படி வளையும், எப்போது உடையும்: கணினி மாடல் போடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மரத்தின் மேல் லோடு ஏறும்போது அது எவ்வளவு வளையும், எங்கே பிளக்கும், எப்போது முறியும் என்று கணினியில் போட்டுப் பார்க்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஃபைனைட் எலிமெண்ட் முறை, அதாவது ஒரு பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்குப் போடும் முறை, ஓரளவு பழக்கம் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உதாரணத்துக்கெல்லாம் ஒரே மரம், சிட்கா ஸ்ப்ரூஸ். அமெரிக்க வனத்துறையின் மேடிசன் ஆய்வுக்கூடம் வெளியிட்டிருக்கும் அட்டவணைகளில் அதன் எண்கள் கிட்டத்தட்ட முழுசாகக் கிடைக்கின்றன என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இரும்புக்குப் போட்ட மாடலில் மெட்டீரியலை மட்டும் மாற்றினால் மரம் ஆகிவிடாதா?

ஆகாது. விறகு பிளந்தவருக்குத் தெரியும்: கோடாலியை நார் ஓடும் வழியே இறக்கினால் ஒரே போடு, குறுக்கே போட்டால் பத்து போட்டும் சில்லுதான் தெறிக்கும். இரும்புக்கு யங் குணகம் (இழுத்தால் எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்பது) ஒன்று, பாய்ஸான் விகிதம் (ஒரு பக்கம் இழுத்தால் மற்றப் பக்கம் எவ்வளவு சுருங்கும் என்பது) ஒன்று, எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே இரண்டு எண்தான். மரத்துக்கு மூன்று திசை உண்டு. நார் ஓடும் நீளவாக்கு, தண்டின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போகும் ஆரவாக்கு, ஆண்டு வளையத்தைத் தொட்டுக்கொண்டு போகும் தொடுவாக்கு. சுருக்கமாக எல், ஆர், டி என்று எழுதுவது வழக்கம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சநஞ்சம் அல்ல. சிட்கா ஸ்ப்ரூஸ் 12 சதவீத ஈரத்தில் நீளவாக்கில் சுமார் 11.9 ஜிகாபாஸ்கல் விறைப்பு. ஆரவாக்கில் அதில் 7.8 சதவீதம், தொடுவாக்கில் வெறும் 4.3 சதவீதம். அதாவது ஒரே கட்டையைத் திருப்பி வைத்தால் இருபது மடங்குக்கு மேல் இளகிப்போகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கீழே எல்லாப் பதிலிலும் இது வேறு வேறு உருவத்தில் வரும்: மர மாடல் தப்பாவது பெரும்பாலும் கணக்கு முறையால் அல்ல, திசையால். எந்த முறிவு விதி (எப்போது உடையும் என்று சொல்லும் சூத்திரம்) நல்லது என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பவரின் மாடலைத் திறந்து பார்த்தால், நாரின் திசையே ஏதோ ஒரு துண்டில் குறுக்கே கிடக்கும்.

மொத்தம் எத்தனை எண் கொடுக்க வேண்டும்?

ஒன்பது. மூன்று யங் குணகம், மூன்று ஷியர் குணகம் (ஷியர் என்பது ஒரு அடுக்கு இன்னொன்றின் மேல் வழுக்கப் பார்ப்பது), மூன்று பாய்ஸான் விகிதம். பாய்ஸான் விகிதம் உண்மையில் ஆறு இருக்கிறது, ஆனால் ஒரு சமச்சீர் விதி அவற்றை இரண்டிரண்டாகக் கட்டிப்போடுகிறது: ஒரு திசை ஜோடியின் விகிதத்தை முதல் திசையின் குணகத்தால் வகுத்தால் வருவதும், அந்த ஜோடியைத் திருப்பிப் போட்டு வகுத்தால் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே மூன்று கொடுத்தால் மீதி மூன்றை சாஃப்ட்வேர் தானே போட்டுக்கொள்ளும்.

அட்டவணையில் 10.8 என்று இருக்கிறதே, நீங்கள் 11.9 என்கிறீர்களே என்று கேட்பவர்களுக்கு: 10.8 என்பது வளைத்துப் பார்த்த சோதனையில் வந்த எண். அதில் ஷியரால் வந்த தொய்வும் கலந்திருக்கிறது, அதனால் உண்மையைவிட இளகலாகத் தெரியும். உண்மையான நீளவாக்குக் குணகம் வேண்டுமென்றால் 10 சதவீதம் கூட்டிக்கொள்ளச் சொல்லி அந்த அட்டவணைக்காரர்களே குறிப்புப் போட்டிருக்கிறார்கள். பலர் அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை.

எண்களை அட்டவணையிலிருந்து அப்படியே எடுத்துத்தான் போட்டேன், ஆனாலும் மெட்டீரியல் நிலையற்றது என்று சாஃப்ட்வேர் ஓட மறுக்கிறது. ஏன்?

பத்துக்கு ஒன்பது பேருக்கு இது பாய்ஸான் விகிதத்தை இடம் மாற்றிப் போட்டதால்தான் வருகிறது. சிட்கா ஸ்ப்ரூஸுக்கு எல்-ஆர் விகிதம் 0.372. நார் வழியே இழுத்தால் ஆரவாக்கில் எவ்வளவு சுருங்கும் என்பது அது. ஆர்-எல் விகிதம் 0.040 மட்டுமே, ஏனென்றால் குறுக்கே இழுத்து நாரைச் சுருக்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இப்போது 0.372-ஐ ஆர்-எல் கட்டத்தில் போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சமச்சீர் விதிப்படி எல்-ஆர் என்ன ஆகும்? 0.372-ஐ 0.078-ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 4.8. ஒரு விகிதம் அதன் இரண்டு குணகங்களின் வகுத்தலின் வர்க்கமூலத்தைத் தாண்டக்கூடாது என்பது நிபந்தனை. இங்கே அந்த எல்லை 3.6. தாண்டிவிட்டது. அப்படியொரு பொருள் இருந்தால் அதை அமுக்கும்போது அதுவே நமக்கு ஆற்றலைக் கொடுக்கும், ஆகவே சாஃப்ட்வேர் முரண்டு பிடிப்பது நியாயம்தான்.

அபாகஸ் என்ற சாஃப்ட்வேரில் கேட்பது 1-2, 1-3, 2-3 வரிசை. நாரை 1 என்று வைத்தால் பெரிய எண்கள், அதாவது 0.372, 0.467, 0.435, அப்படியே போகும். அன்சிஸில் இரண்டு விதமாகவும் கொடுக்கலாம், பி.ஆர் என்று தொடங்குவது ஒன்று, என்.யு என்று தொடங்குவது மற்றொன்று. எது பெரியது எது சிறியது என்று பார்க்காமல் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். இதைவிட மோசம், தப்பாகப் போட்டும் நிபந்தனையைத் தாண்டாமல் போவது. அப்போது எந்த எச்சரிக்கையும் வராது, மாடல் சமத்தாக ஓடி ஒரு விடையைக் கொடுத்துவிடும்.

கவனமான ஆட்கள் இன்னொன்றையும் கண்டுபிடிப்பார்கள்: 0.372-ஐ 0.078-ஆல் பெருக்கினால் 0.029 வருகிறது, அட்டவணையில் 0.040 இருக்கிறது. சமச்சீர் விதி பொய்யா? இல்லை. 0.040 போன்ற குட்டி எண்ணை அளப்பது கடினம், அளவீட்டுப் பிழை அதில்தான் குவியும். பெரிய எண்ணை நம்புங்கள், சின்னதை சாஃப்ட்வேர் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

என் மரத்துக்கு ஒன்பதில் இரண்டோ மூன்றோதான் தெரியும். மீதிக்கு என்ன செய்வது?

ஒத்த அடர்த்தியுள்ள ஒத்த வகை மரத்தின் விகிதங்களைக் கடன் வாங்குங்கள். நீளவாக்குக் குணகத்தைத் தட்டிப் பார்த்து, அதிர்வெண்ணை வைத்து, சுலபமாக அளந்துவிடலாம். அப்புறம் தெரியாத எண் ஒவ்வொன்றையும் 30 சதவீதம் ஏற்றி இறக்கி ஓட்டிப் பாருங்கள். விடை அசையாத எண்களைப் பற்றிக் கவலைப்பட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆருக்கும் டிக்கும் தனித்தனியாக எண் கொடுப்பது அவசியமா? இரண்டும் குறுக்குதானே?

நீளமான உத்தரம் வளைவதைப் பார்க்கிறீர்கள் என்றால் அவசியமில்லை, இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளலாம். குறுக்கே அமுக்கும் இடம், போல்ட் உட்காரும் இடம், குறுக்கு அடுக்குப் பலகை என்றால் அவசியம். காரணம் ஒரு விசித்திரமான எண். சிட்கா ஸ்ப்ரூஸில் ஆர்-டி தளத்து ஷியர் குணகம் நீளவாக்குக் குணகத்தில் 0.3 சதவீதம், அதாவது 36 மெகாபாஸ்கல்தான். நார்கள் ஒன்றன் மேல் ஒன்று பென்சில்களைப் போல உருள்வதால் இதை உருளும் ஷியர் என்பார்கள்.

இதனால் என்ன ஆகும் என்று கையாலேயே போட்டுப் பாருங்கள். ஒரு சின்னக் கனசதுரத்தை ஆரவாக்கில் அமுக்கினால் விறைப்பு 930 மெகாபாஸ்கல் சுமார். தொடுவாக்கில் 510. வளையங்கள் 45 டிகிரி சாய்ந்திருக்கும்படி அதே கனசதுரத்தை வெட்டி அமுக்கினால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ 700 வரும் என்று மனசு சொல்லும். வருவது 133. மரத்தை மாற்றவில்லை, ஈரத்தை மாற்றவில்லை, வளையத்தின் கோணத்தை மட்டும்தான் மாற்றினோம், ஏழில் ஒரு பங்காகிவிட்டது.

தண்டின் நடுவுக்குப் பக்கத்தில் வெட்டிய பலகையில் வளையங்கள் வளைந்து வளைந்து போகும், ஆகவே ஒரே பலகைக்குள்ளேயே ஒரு மூலையில் 930, இன்னொரு மூலையில் 133 இருக்கும். அங்கே நேர் அச்சு கொடுத்தால் பொய். உருளை அச்சு கொடுத்து, தண்டின் நடு எங்கே இருந்தது என்று பலகையின் முனையைப் பார்த்துக் குறியுங்கள். நடு பலகைக்கு வெளியே காற்றில் இருந்தாலும் பரவாயில்லை, அச்சை அங்கே வைக்கலாம்.

திசை சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சால்வ் பட்டனை அமுக்குவதற்கு முன் ஒவ்வொரு எலிமெண்ட்டிலும் முதல் அச்சை அம்பாக வரையச் சொல்லிப் பாருங்கள். எல்லா சாஃப்ட்வேரிலும் இந்த வசதி எங்கேயாவது ஒளிந்திருக்கும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு சட்டத்துக்கு மாடல் போட்டேன், படுக்கைக் கட்டையை வரைந்து முடித்து, அதையே நகலெடுத்து 90 டிகிரி திருப்பிக் காலாக நிறுத்தினேன். வடிவம் திரும்பியது, நார் திரும்பவில்லை, அது பொது அச்சைப் பிடித்துக்கொண்டு படுக்கையாகவே கிடந்தது. கால்கள் ரப்பர் மாதிரி வளைந்தன. நான் இணைப்பில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து இரண்டு நாள் போல்ட் துளைகளையும் உராய்வு எண்ணையும் மாற்றிக்கொண்டிருந்தேன். அம்புகளை வரைந்து பார்த்ததும் பதினைந்து விநாடியில் தெரிந்துவிட்டது.

அப்புறம் ஒற்றை எலிமெண்ட் சோதனை. ஒரே ஒரு கனசதுர எலிமெண்ட்டை மூன்று திசையில் இழுத்து, மூன்று தளத்தில் ஷியர் கொடுத்து, நீங்கள் கொடுத்த ஒன்பது எண்ணும் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அரைமணி நேர வேலை. முறிவு விதி சேர்த்த பிறகும் இதைத் திரும்பச் செய்யுங்கள்.

நார் நூல் பிடித்தது போல நேராகவா இருக்கும்? சாய்வு எவ்வளவு முக்கியம்?

ரொம்ப முக்கியம், அதுவும் இழுவையில். 1921-இல் ஹாங்கின்சன் சொன்ன ஒரு எளிய சூத்திரம் இன்றும் எல்லோர் கையிலும் இருக்கிறது: நார் வழி வலிமையையும் குறுக்கு வலிமையையும் பெருக்கி, அந்தப் பெருக்கலை, நார் வழி வலிமை பெருக்கல் கோணத்தின் சைன் வர்க்கம், குறுக்கு வலிமை பெருக்கல் கொசைன் வர்க்கம் இரண்டின் கூட்டலால் வகுக்க வேண்டும். நார் வழி 90, குறுக்கே 3 மெகாபாஸ்கல் என்று வைத்து, 10 டிகிரி சாய்வுக்குப் போட்டால் 48 வருகிறது. வெறும் 10 டிகிரியில் பாதிப் பலம் போயிற்று. கட்டையைக் கையில் வைத்துப் பார்த்தால் அந்தச் சாய்வு கண்ணுக்கே உறுத்தாது. (அமுக்கத்தில் இவ்வளவு கொடுமை இல்லை, ஏனென்றால் அங்கே இரண்டு வலிமைக்கும் உள்ள தூரம் குறைவு.)

எந்த முறிவு விதியை எடுப்பது? ஹில்லா, சாய்-வூவா, ஹாஷினா?

முதலில் மரம் எப்படியெல்லாம் கெடும் என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் அது ஒரே மாதிரி கெடுவதில்லை. நார் வழியே இழுத்தால் படாரென்று அறும். நார் வழியே அமுக்கினால் நார்கள் ஒரு சாய்ந்த பட்டையாக மடிந்து மெல்ல நசுங்கும். குறுக்கே இழுத்தால் சொற்ப விசையிலேயே பிளக்கும். குறுக்கே அமுக்கினால் உடையவே உடையாது. செல்கள் ஒவ்வொன்றாகத் தட்டையாகி, விசை அதிகம் ஏறாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், எல்லாம் நசுங்கி முடிந்தபின் மறுபடி விறைக்கும். ஷியரில் நார் வழியே வழுக்கிப் பிளக்கும்.

ஹில் 1948-இல் எழுதிய விதி உலோகத் தகட்டுக்கானது. இழுவைக்கும் அமுக்கத்துக்கும் ஒரே வலிமைதான் கொடுக்க முடியும். மரத்துக்கு அது பொருந்தாது, ஆனால் அமுக்கம் மட்டும் இருக்கும் இடத்தில், உதாரணமாக போல்ட்டுக்கு அடியில் மரம் நசுங்குவதற்கு, பிளாஸ்டிக் விதியாக, அதாவது உடையாமல் நிரந்தரமாக நசுங்குவதைச் சொல்லும் விதியாக, நன்றாகவே உழைக்கும்.

சாய்-வூ 1971-இல் வந்தது, கூட்டுப்பொருள்களுக்காக. இழுவை அமுக்கம் இரண்டையும் தனித்தனியாக ஏற்றுக்கொள்ளும், எல்லாத் தகைவையும் (பரப்புக்கு இவ்வளவு என்று வரும் உள்விசை) ஒரே சமன்பாட்டில் போட்டு ஒரே ஒரு எண் கொடுக்கும். 1 வந்தால் உடைந்தது. எதில் உடைந்தது என்று சொல்லாது. இதுதான் எனக்கு அதனிடம் உள்ள பெரிய மனக்குறை. அடுத்த குறை, எல்லாம் ஒரே நீள்வட்டத்தில் கட்டிப்போட்டிருப்பதால், குறுக்கு அமுக்க வலிமையை நீங்கள் மாற்றினால், சம்பந்தமே இல்லாத இழுவைப் பக்கத்திலும் விடை நகரும். இரண்டு திசைத் தகைவையும் இணைக்கும் ஒரு எண்ணுக்கு இருதிசைச் சோதனை வேறு வேண்டும். ஸ்ப்ரூஸுக்கு அப்படிப்பட்ட சோதனைகளை வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எபர்ஹார்ட்ஸ்டைனர் விரிவாகச் செய்திருக்கிறார், மற்ற மரங்களுக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காது.

ஹாஷின் 1980-இல் சொன்ன வழியில் நாருக்குத் தனி நிபந்தனை, நார்களுக்கு இடையே உள்ள பகுதிக்குத் தனி நிபந்தனை. எது முதலில் தாண்டியதோ அதுதான் முறிவின் வகை, அதற்கேற்ப எந்த விறைப்பைக் குறைப்பது என்றும் தெரியும். மரத்துக்கு இந்தச் சிந்தனை ஒத்துவருகிறது. எல்.எஸ்.டைனா சாஃப்ட்வேரில் 143-ஆம் எண் மெட்டீரியல் இதை ஒட்டியதுதான். சாலையோரத் தடுப்பு வேலியின் மரத்தூணில் வண்டி மோதினால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக அமெரிக்க நெடுஞ்சாலைத் துறைக்கு உருவாக்கிய மாடல் அது, பைன், டக்ளஸ் ஃபர் இரண்டுக்கும் எண்கள் உள்ளேயே இருக்கும்.

என் வழக்கம் இது: அமுக்கத்துக்கு பிளாஸ்டிக், பிளவுக்கு விரிசல் மாடல், இரண்டையும் ஒரே விதியில் திணிக்க முயற்சி செய்வதில்லை.

வளைவுச் சோதனையில் 70 மெகாபாஸ்கல் தாங்குகிறது. என் மாடலோ பாதி லோடு தாண்டியதுமே உடைந்துவிட்டது என்கிறது. யார் பொய்?

இரண்டு பேரும் இல்லை. 70 என்பது உடைந்த நேரத்து லோடை, கட்டை கடைசிவரை நேர்கோட்டு மீள்தன்மையோடு இருந்தது என்று பாவித்து, சூத்திரத்தில் போட்டு எடுத்த எண். உண்மையில் அந்த நேரத்தில் கட்டைக்குள் எங்கேயும் 70 இல்லை. சிட்கா ஸ்ப்ரூஸின் நார்வழி அமுக்க வலிமை 38.7. மேல் விளிம்பில் அதைத் தொட்டவுடன் உங்கள் மாடல் முறிந்தது என்று கணக்கை முடித்துவிடுகிறது, அது 38.7-ஐ 70-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 55 சதவீத லோடு. ஆனால் அமுக்கத்தில் மரம் உடைவதில்லை, நசுங்கிக்கொண்டே தாங்கும். நசுங்கும் பகுதி கீழ்நோக்கி வளர, நடு அச்சும் கீழே இறங்க, அடி விளிம்பில் இழுவை ஏறிக்கொண்டே போய், கடைசியில் அங்கேதான் அறும்.

அமுக்கத்தில் 38.7-க்கு மேல் ஏறாமல் நிற்கும், இழுவையில் கடைசிவரை நேர்கோடு என்று வைத்து, செவ்வகக் குறுக்குவெட்டுக்குக் கையால் கணக்குப் போட்டால், 70 வருவதற்கு அடி விளிம்பில் 91 மெகாபாஸ்கல் இழுவை இருந்திருக்க வேண்டும். கணுவில்லாத நல்ல மரத்துக்கு நம்பும்படியான எண்தான் அது. ஆகவே மாடலில் அமுக்கப் பக்கத்துக்கு பிளாஸ்டிக் நடத்தை கொடுங்கள், லோடு தானாக மேலே ஏறும்.

ஓரம் வெட்டி எடுத்த உத்தரத்தில் வெட்டு மூலையில் தகைவு, மெஷ்ஷை (எலிமெண்ட் துண்டுகளின் வலையை) சின்னதாக்க ஆக்க ஏறிக்கொண்டே போகிறது. எந்த மெஷ்ஷில் நிறுத்துவது?

எதிலும் நிறுத்த முடியாது. கூர்மையான உள்மூலையில் மீள்தன்மைக் கணக்கின்படி தகைவு முடிவிலி. மெஷ்ஷைச் சின்னதாக்குவது அந்த முடிவிலியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்பதுதான். பெரிய மெஷ் போட்டு, வலிமைக்குக் கீழே தகைவு வந்ததும் பாஸ் என்று எழுதி மூடிவிடுகிறவர்கள் உண்டு. அது கணக்கு இல்லை, பேரம்.

இங்கே கேட்க வேண்டியது தகைவு எவ்வளவு என்று அல்ல, விரிசல் இன்னும் கொஞ்சம் முன்னேற எவ்வளவு ஆற்றல் வேண்டும், அவ்வளவு ஆற்றலைக் கட்டை கொடுக்கிறதா என்று. ஸ்ப்ரூஸ் போன்ற மரம் நார் வழியே திறந்து பிளக்க ஒரு சதுர மீட்டருக்கு 200 முதல் 300 ஜூல் வரை எடுக்கும், வழுக்கிப் பிளக்க அதற்குப் பல மடங்கு. லுண்ட் பல்கலைக்கழகத்தின் குஸ்டாஃப்சன் 1988-இல் வெட்டு உத்தரத்துக்கு இந்த ஆற்றல் வழியில் ஒரு சூத்திரம் எடுத்தார், ஐரோப்பிய மரக் கட்டுமான விதியில் இன்று இருக்கும் வெட்டுக் குறைப்பு எண் அதிலிருந்து வந்ததுதான். இதில் வரும் ஒரு விளைவு பலருக்கு அதிர்ச்சி: ஒரே வடிவ வெட்டு, உத்தரத்தின் எல்லா அளவும் இரு மடங்கு என்றால், தாங்கும் தகைவு 1.4-ஆல் வகுபடும். பெரிய கட்டை, சின்னக் கட்டையைவிடச் சுலபமாகப் பிளக்கிறது.

விரிசலை மாடலில் எப்படிக் காட்டுவது?

மரத்தில் ஒரு வசதி உண்டு, விரிசல் எந்தப் பக்கம் ஓடும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும்: நார் வழியே. ஆகவே அந்தத் தளத்தில் கோஹிசிவ் எலிமெண்ட் வரிசை ஒன்றைப் போடுவதுதான் எளிய வழி. அது ஒரு பசைப்படலம் மாதிரி, குறிப்பிட்ட வலிமை வரை பிடித்துக்கொள்ளும், அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும், விட்டுக்கொடுத்த மொத்த ஆற்றல் மேலே சொன்ன எண்ணுக்குச் சமமாக இருக்கும்படி வளைகோட்டை அமைக்க வேண்டும். விரிசல் முனைக்கு முன்னால் இப்படி இளகும் பகுதிக்குள் குறைந்தது மூன்று நான்கு எலிமெண்ட்டாவது விழ வேண்டும், இல்லாவிட்டால் லோடு கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும்.

விரிசல் பாதை தெரியாத இடத்தில் எக்ஸ்.எஃப்.இ.எம் என்ற முறை எலிமெண்ட்டுக்கு உள்ளேயே பிளவை ஓடவிடும். ஆனால் அதைச் சும்மா விட்டால், பெரிய இழுவை எந்தப் பக்கமோ அதற்குச் செங்குத்தாக, நாரை அறுத்துக்கொண்டு போகப் பார்க்கும். மரத்தில் அப்படி நடக்காது. விரிசலின் திசையை நாரோடு கட்டிவிடும்படி நீங்கள்தான் சொல்ல வேண்டும். பரவலாகச் சேதம் கணக்கிடும் மாடலாக இருந்தால், எலிமெண்ட் அளவுக்கு ஏற்ப இளகும் கோட்டைச் சரிசெய்ய மறக்காதீர்கள். மெஷ்ஷை மாற்றினால் முறிவு ஆற்றலும் மாறிவிடும் நோய் அதில்தான் வரும்.

உடையும் கட்டத்தில் கணக்கு தேங்கிப்போகிறது. என்ன செய்ய?

விசையைக் கொடுக்காதீர்கள், நகர்வைக் கொடுங்கள். அதிலும் தேங்கினால் கொஞ்சம் பிசுபிசுப்புத் தணிப்பு சேருங்கள், ஆனால் அது தின்ற ஆற்றல் மொத்தத்தில் துளியாக இருக்க வேண்டும். அதுவும் கைகொடுக்காவிட்டால், நேரத்தைக் குட்டிக் குட்டியாக நகர்த்திக் கணக்குப் போடும் எக்ஸ்பிளிசிட் முறைக்குப் போய்விடுங்கள். மெதுவான சோதனையை அதில் வேகப்படுத்தி ஓட்டும்போது இயக்க ஆற்றல் உள்ளாற்றலில் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

கணுக்களை என்ன செய்வது? விட்டுவிடலாமா?

சோதனைக்கூடத்துக் குட்டித் துண்டில் கணு இருக்காது, வீட்டு உத்தரத்தில் இருக்கும். வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்க ஐரோப்பாவின் சி24 தரத்தை எடுங்கள்: நார்வழி இழுவை வலிமை 14.5 மெகாபாஸ்கல், குறுக்கு இழுவை 0.4. மேலே நாம் கணுவில்லாத மரத்துக்கு 91 என்று பேசிக்கொண்டிருந்தோம். (14.5 என்பது நூற்றுக்கு ஐந்து கட்டை மட்டுமே அதற்குக் கீழே போகும் எண், சராசரி இல்லை. அப்படியே பார்த்தாலும் பள்ளம் பெரியது.)

கணு ஓட்டையாக இருப்பதால் பலம் குறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டை போட்டு மாடல் செய்தால் பாதி உண்மைதான் வரும். பெரிய சேதம் கணுவைச் சுற்றி நார் வளைந்து போவதில் இருக்கிறது. மறுபடி அதே ஹாங்கின்சன் கணக்கு: கணுவின் தோளில் நார் 20, 30 டிகிரி சாய்ந்திருக்கும், அங்கே குறுக்கு இழுவை பிறக்கும், பிளவு அங்கிருந்து தொடங்கி நார் வழியே ஓடும். ஆற்று நீர் பாறையைச் சுற்றிப் போவதைப் போல நார் போகிறது என்று வைத்து, நீரோட்டச் சமன்பாட்டிலிருந்து ஒவ்வொரு எலிமெண்ட்டுக்கும் நாரின் கோணத்தை எடுக்கும் உத்தியை குட்மன், போடிக் இருவரும் 1970-களின் பிற்பகுதியில் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் அதை அடித்துக்கொள்ள எளிய வழி இல்லை. இப்போது பலகையின் மேல் லேசர் புள்ளி போட்டு, வெளிச்சம் நார் வழியே நீண்டு பரவுவதைப் படம் பிடித்து, உண்மையான நார்க் கோணத்தையே மாடலுக்குள் கொண்டுவருகிறார்கள். ஸ்கேன் செய்ய வசதி இருந்தால் அதுவே நல்லது.

ஈரம்?

12 சதவீதத்துக்கு எடுத்த எண்களை ஈர மரத்துக்குப் போடாதீர்கள். செல் சுவர் நீரால் நிறையும் எல்லை சுமார் 28 முதல் 30 சதவீதம். அதற்குக் கீழே ஈரம் ஏற ஏற வலிமையும் விறைப்பும் இறங்கும், அதற்கு மேலே மாற்றமில்லை. அமுக்க வலிமைதான் அதிகம் அடி வாங்கும், பச்சை மரத்தில் அது காய்ந்ததன் பாதியை ஒட்டியே இருக்கும். காய்வதால் வரும் சுருக்கமும் திசைக்குத் திசை வேறு: தொடுவாக்கில் ஆரவாக்கைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு, நீளவாக்கில் கணக்கில் கொள்ள வேண்டாத அளவு. லோடே இல்லாமல் பலகை கோணுவதும், முழுத்தண்டு காயும்போது நடுவை நோக்கி வெடிப்பதும் இந்த இரு மடங்கால்தான். சாஃப்ட்வேரில் இதை வெப்ப விரிவு மாதிரியே கொடுத்துவிடலாம், வெப்பநிலைக்குப் பதிலாக ஈரம், மூன்று திசைக்கு மூன்று எண்.

இன்று தாங்கினால் இருபது வருடம் கழித்தும் தாங்குமா?

தாங்காமல் போகலாம். ஐந்து நிமிடச் சோதனையில் தாங்கிய லோடில் 60 சதவீதத்தைச் சுற்றித்தான் பத்து ஆண்டு நிற்கும் லோடுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது 1951-இல் மேடிசனில் லைமன் வுட் போட்ட வளைகோட்டிலிருந்து வழிவழியாக வருகிறது. ஐரோப்பிய விதியிலும் நிரந்தர லோடுக்கு, உலர்ந்த இடத்தில், 0.6 தான். தொய்வும் அதே இடத்தில், காலப்போக்கில், முதல் நாள் தொய்வைப்போல் 1.6 மடங்காகும் என்று எடுப்பார்கள்.

இதற்கு மேல் ஒரு தொல்லை. லோடு இருக்கும்போது ஈரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், தொடர்ந்து ஈரமாக இருப்பதைவிடவும் மரம் அதிகம் தொய்கிறது. 1960 வாக்கில் ஆஸ்திரேலியாவில் ஆர்ம்ஸ்ட்ராங், கிங்ஸ்டன் இருவரும் இதைக் கவனித்துச் சொன்னார்கள். உங்கள் கட்டை திறந்த வெளியில் இருக்கும் என்றால் சாதாரண ஊர்வு (லோடு மாறாமல் இருந்தும் மெல்ல மெல்லத் தொய்வது) மாடல் போதாது, ஈர மாற்றத்தோடு சேர்ந்து வளரும் ஒரு திரிபுப் பகுதியைத் தனியாக எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் திட எலிமெண்ட்தான் போட வேண்டுமா? பீம் எலிமெண்ட் போதாதா?

தொய்வு மட்டும் வேண்டுமென்றால் பீம் போதும், ஷியரைக் கணக்கில் எடுக்கும் டிமஷென்கோ பீமாக மட்டும் இருக்கட்டும். மரத்தில் யங் குணகம் ஷியர் குணகத்தைப்போல் 16 மடங்கு, இரும்பில் 2.6. பரவிய லோடில், நீளம் ஆழத்தின் பத்து மடங்கு உள்ள மர உத்தரத்தில் ஷியர் மட்டும் 15 சதவீதம் கூடுதல் தொய்வு தரும். இணைப்பு, வெட்டு, துளை, தாங்குமிடம் வந்தால் திட எலிமெண்ட் தவிர வழியில்லை.

காசு கொடுக்காமல் எந்த சாஃப்ட்வேரில் தொடங்கலாம்?

கால்குலிக்ஸ். உள்ளீட்டு மொழி அபாகஸை ஒட்டியது, திசை கொடுப்பது தெளிவு. அல்லது பிரான்சின் மின்நிறுவனம் வெளியிடும் கோட் ஆஸ்டர், கோஹிசிவ் வசதி அதில் நன்றாக இருக்கிறது, கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும்.

சோதனையோடு எவ்வளவு நெருங்கினால் என் மாடல் சரி என்று சொல்லலாம்?

ஒரே இன மரத்தில், கணுவே இல்லாத துண்டுகளை எடுத்தால்கூட, மேடிசன் அட்டவணைப்படி விறைப்பின் சிதறல் எண் (திட்ட விலக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்பது) 22 சதவீதம், வளைவு வலிமைக்கு 16, நார்வழி இழுவைக்கு 25, குறுக்கு அமுக்கத்துக்கு 28. அப்படியிருக்க, ஒரே ஒரு சோதனையோடு 2 சதவீதத்தில் பொருந்துகிறது என்று யாராவது வரைபடம் காட்டினால், எண்களைப் பின்னாலிருந்து திருகியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். சோதித்த அதே கட்டையின் குணகத்தையும் அடர்த்தியையும் ஈரத்தையும் அளந்து கொடுத்திருந்தால் தொய்வு 10 சதவீதத்துக்குள் வர வேண்டும். உடையும் லோடு 20-க்குள் வந்தால் நான் திருப்தியாகிவிடுவேன். அதைவிட முதலில் பார்ப்பது, சோதனையில் எங்கே, எந்த வகையில் உடைந்ததோ அங்கேயே அப்படியே மாடலிலும் உடைகிறதா என்பது. கட்டை நார் வழியே பிளந்திருக்க, மாடல் அடி விளிம்பில் அறுந்து, லோடு மட்டும் பொருந்தியிருந்தால், திரும்பவும் அம்புகளை வரையச் சொல்லிப் பாருங்கள்.